இழையில் எழும் இசை

மின்சாரம் நம் இசைக்குள் அடியெடுத்து வைத்த போதெல்லாம் யாரோ ஒருவர் எழுந்து இடம் விட வேண்டியிருந்தது. பாடகரின் பின்னே அமர்ந்து தம்பூரா மீட்டியவர் எழுந்தார். அங்கே சுருதிப் பெட்டி அமர்ந்தது. கோயிலில் முரசறைந்து மணியடித்தவர் விலகினார். மோட்டார் பூட்டிய பெட்டி அவ்விடத்தில் வந்து நின்றது. பூசை வேளையில் பொத்தானை அழுத்தினால் போதும். தோலின் மீது கோல் தானே விழுகிறது; மணி தானே ஆடுகிறது. கேட்பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சீராக முழங்குகிறது. அப்பெட்டியைக் காணாத தமிழர் இன்று அரியர்.

மின்னணுக் கருவிகளால் நன்மையே இல்லை என்று கூற நான் வரவில்லை. பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் பெங்களூரில் தொடங்கிய ராடெல் நிறுவனம் மின்னணுத் தம்பூராவைப் பரப்பியது. தம்பூரா வாங்க இயலாத எத்தனையோ மாணவர் அதன் துணையால் சுருதி சேர்த்துப் பாடக் கற்றனர். அதை மறுப்பது நன்றி கொன்றதாகும். எனினும் ஒரு வினா எழுகின்றது. மனிதரை விலக்காத மின்னணு இசைக்கருவி, மனிதர் இல்லாவிட்டால் வாய் திறக்கவே மறுக்கும் கருவி, ஒன்று உண்டா?

உண்டு. உடலில் அணியும் மின்னணு இசைக்கருவியே அது. அதற்கு உயிர்நாடியாக விளங்குவது மென்சுற்று. பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் வாழும் நமக்கு மிகவும் பொருந்திய அறிவுத்துறை இது என்றும், நம் ஆய்வுக்கூடங்களில் இதற்கு இடம் வேண்டும் என்றும் வற்புறுத்தவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

மென்சுற்று என்பது யாது?

மின்சுற்று நாம் அறிந்தது. செப்புக் கம்பி, பச்சை நிறப் பலகை, ஈயம் உருக்கும் சால்டரிங் கோல் இவையெல்லாம் நம் கண்முன் வரும். அச்சொல்லின் முதலெழுத்தைச் சற்றே மாற்றினால் மென்சுற்று. பொருளிலும் மாற்றம் ஏறத்தாழ அவ்வளவே. கம்பிக்குப் பதில் மின்கடத்தும் நூல். பலகைக்குப் பதில் துணி. சால்டரிங்குக்குப் பதில் தையல். சுவிட்சுக்குப் பதில் சட்டையில் வைத்துத் தைக்கும் பிரஸ் பட்டன். அந்நூல் துருப்பிடிக்காத எஃகிழையாலோ, வெள்ளி பூசிய நைலான் இழையாலோ ஆனது.

விரல் பட்டதைத் துணி எவ்வாறு அறியும்? நம் உடலும் ஒரு மின்கடத்தியே. மின்கடத்து நூலால் தைத்த திட்டின் அருகே விரல் வரும்போது, விரலும் திட்டும் மின்தேக்கியின் இரு தகடுகளைப் போல் ஆகின்றன. திட்டில் மின்னூட்டம் நிரம்பும் காலம் சிறிது மாறுகின்றது. அந்த மாற்றத்தை ஒரு சில்லு அளந்து சொல்ல, நுண்கட்டுப்படுத்தி உரிய ஒலியை எழுப்புகின்றது. 1920-ஆம் ஆண்டளவில் உருசிய நாட்டு இயற்பியலார் லியோன் தெரமின், தொடாமலே கையசைவால் இசைக்கும் கருவியை அமைத்தார். அவர் பயன்கொண்டதும் உடலின் இம்மின்தேக்குத் திறனையேயாகும்.

1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடத்தில் மேகி ஆர்த், ரேமி போஸ்ட் முதலியோர் 'இசைச் சட்டை' ஒன்றைச் செய்தனர். டெனிம் மேற்சட்டையின் மீது மின்கடத்து நூலால் பூவேலை செய்வது போல் விசைகளைத் தைத்தனர். விசையைத் தொட்டால் சுரம் எழுந்தது. சட்டைக்குள்ளே மின்னாற்றலையும் செய்தியையும் சுமந்து சென்றது எது தெரியுமா? பட்டிழையின் மீது மெல்லிய உலோகத் தகட்டைச் சுற்றி நெய்த ஆர்கன்சாத் துணி! இதைக் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரிடம் சொன்னால், "அது சரிகைதானே?" என்று கேட்டிருப்பார். பட்டிழையைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைப் பின்னிப் பொன்முலாம் பூசுவதே சரிகை. வெள்ளியோ மின்கடத்துவதில் உலோகங்களுக்குள் முதல்வன். அழகுக்காக நாம் அணிந்ததை அவர்கள் அறிவுக்காக அணிந்தனர்.

பின்னர் 2007-இல் லியா பியூக்லி வடிவமைத்த 'லில்லிபேட்' என்னும் பலகை விற்பனைக்கு வந்தது. பூவிதழ் போன்ற வட்டப் பலகை. விளிம்பெங்கும் ஊசி நுழையும் துளைகள். ஊசி பிடிக்கத் தெரிந்தவர் எவரும் கணிப்பொறியைத் துணியில் தைக்கலாம் என்னும் நிலை அன்று பிறந்தது.

சிலம்பின் வழியினர் நாம்

உடலில் அணியும் இசைக்கருவி நமக்குப் புதியதா? சலங்கை கட்டாமல் நம் ஆடற்கலை ஏது? பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் இடையில் அரைமணி பூண்டு, சிலம்பொலிக்க வெளிச்சப்பாடு வருவதைக் கண்டவர் நம்மிற் பலர். சிலம்பு என்பது உள்ளீடற்ற உலோக வளையம், உள்ளே பரல். அணிந்தவர் அசைந்தால் ஒலிக்கும், நின்றால் நிற்கும். அதற்குத் தனி வாழ்வு கிடையாது.

இடுக்கி எல்லையில், குமுளிக்கு அப்பால் மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று, தேனி மாவட்டத்தாரும் இடுக்கி மாவட்டத்தாரும் அம்மலை ஏறுகின்றனர். அக்கோயிலின் தலைவி அரசவையில் வைத்த சான்று என்ன? காலில் அணிந்த ஒலிக்கருவி! அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உள்ளே இருப்பது யாது என்று உடைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வெளிப்பூச்சைக் கண்டு மயங்காமல் கருவியின் உள்ளே புகுந்து பார் என்பதே இயற்பியல் மாணவருக்கு அக்கதை தரும் அறிவுரை என்று நான் கொள்வதுண்டு.

எல்லையில் உள்ள கைகள்

அணியும் மின்னணுக் கருவி செய்ய மூவகைக் கைத்திறன் வேண்டும். நெய்யும் கை, தைக்கும் கை, இசைக்கருவி ஆக்கும் கை. இம்மூன்றும் நம் எல்லையிலேயே இருக்கின்றன.

பாலக்காட்டு மாவட்டத்தை ஒட்டித் திருவில்வாமலைப் பக்கத்தில் குத்தாம்புள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. மைசூர்ப் பகுதியிலிருந்து கொச்சி அரச குடும்பத்திற்கு நெய்வதற்காக வந்த தேவாங்கர் குடியினர் அங்கே தறியோட்டி வருகின்றனர். அவர்கள் நெய்யும் கரைச் சேலைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பாலக்காட்டை அடுத்த பெருவெம்பு, தோற்கருவிகளுக்குப் பேர் போனது. பலாமரத்தைக் குடைந்து, தோலைப் பதப்படுத்தி, மத்தளமும் மிருதங்கமும் செண்டையும் செய்யும் குடும்பங்கள் அங்கே உள்ளன. பாலக்காட்டு மத்தளமும் புவிசார் குறியீடு பெற்றதே.

தைக்கும் கையைத் தேடி நான் வெளியே போகவேண்டியதில்லை. என் பாட்டனார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலக்காட்டு வேலைக்கு மலையேறியவர். என் தாயார் ஏலமலையின் கடைத்தெருவில் 20 ஆண்டுகளாகத் தையல் எந்திரம் மிதிப்பவர். மூணாறு முதல் குமுளி வரை எந்தக் கடைத்தெருவிலும் இத்தகைய தையற்கடைகளைக் காணலாம். ஆயின் இக்கைகளை அறிவுடைய கைகள் என்று நாம் கருதுகின்றோமா? நான் படித்த பள்ளியில் கைத்தொழில் வகுப்பு வந்தால் பெண்களுக்கு ஊசி. ஆண்களுக்குச் சால்டரிங் கோல். ஊசி வீட்டு வேலை, சால்டரிங் கோல் அறிவியல் என்று சிறு வயதிலேயே ஒரு கோடு கிழிக்கப்பட்டது. அக்கோட்டை அழிக்க வல்லது மென்சுற்று. இங்கே ஊசியே சால்டரிங் கோல்.

ஒரு துண்டும் சில கணக்குகளும்

சென்ற விடுமுறையில் நானும் என் வகுப்புத் தோழியர் இருவரும் தோளில் போடும் துண்டு ஒன்றைக் கருவியாக்க முயன்றோம். கரையோரத்தில் 7 திட்டுகள். தொட்டால் 7 சுரங்கள். ஏட்டில் படித்த ஓம் விதி அன்று எங்கள் கையில் உயிர் பெற்றது.

நாங்கள் வாங்கிய எஃகு நூலின் மின்தடை ஓர் அடிக்கு ஏறத்தாழ 10 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியை இரண்டடி தொலைவில் வைத்தால், போகும் நூலுக்கு 20, வரும் நூலுக்கு 20, ஒலிபெருக்கிக்கு 8. மொத்தம் 48 ஓம். ஆற்றலில் ஆறில் ஒரு பங்கே ஒலிபெருக்கிக்கு எட்டும்; எஞ்சியது நூலைச் சூடாக்கி வீணாகும். ஆகவே ஒலிபெருக்கியையும் மின்கலத்தையும் பலகையின் அருகிலேயே வைத்துத் தடித்த கம்பியால் இணைக்க வேண்டும். தொடுதிட்டுகளில் பாய்வதோ மிகச் சிறிய மின்னோட்டம். 20 ஓம் அதற்கு ஒரு பொருட்டன்று. ஆற்றலுக்குக் கம்பி, செய்திக்கு நூல் என்பது எங்கள் முதற் பாடம்.

இரண்டாம் பாடத்தை என் தாயார் கற்பித்தார். தையல் எந்திரத்தில் எஃகு நூல் அடிக்கடி அறுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர், "அத மேல்நூலாப் போட்டா சிக்கும் தாயி. பாபின்ல சுத்திக் கீழ போடு; மேல சாதா நூல் ஓடட்டும்" என்றார். அவ்வாறே செய்தோம்; நூல் அறவில்லை. மேல்நூல் ஊசித் துளைக்குள் பலமுறை உராய்ந்து இழுபடுகின்றது. கீழ்நூலுக்கு அத்துன்பம் இல்லை. உலகெங்கும் மென்சுற்றுக்காரர் கைக்கொள்ளும் வழக்கமும் இதுவேயாகும். இரு தையல்கள் குறுக்கே போகும் இடத்தில் நடுவே லைனிங் துணி வைக்கச் சொன்னவரும் அவரே. நாம் மின்காப்பு என்று பெயர் சூட்டிப் படிப்பது அவருக்கு இயல்பாய்த் தெரிந்திருந்தது.

மூன்றாம் பாடத்தை மலை கற்பித்தது. ஏலமலையில் மூடுபனி இறங்கிய நாளில் துணி ஈரத்தை உறிஞ்சியது. ஒரு திட்டைத் தொட்டால் அடுத்த திட்டும் பேசியது. அதே துண்டு, பாலக்காட்டுக் கணவாயில் வறண்ட காற்று வீசும் நாளில் ஒழுங்காய் நடந்துகொண்டது. திட்டுகளின் இடைவெளியை விரற்கடை அளவுக்குக் கூட்டி, சில நொடிகளுக்கு ஒருமுறை அடிநிலை அளவைப் புதுப்பிக்கும்படி நிரல் எழுதிய பின்னரே மலையிலும் அது அடங்கியது. பனியும் வெயிலும் சில மணி நேரப் பயணத்தில் கிடைக்கும் நம் நிலம், இத்தகைய கருவிகளுக்கு இயற்கை அமைத்த ஆய்வுக்கூடம் எனலாம்.

பழைய பட்டுச் சேலை ஒன்றின் சரிகையையும் சோதித்தோம். மின்னோட்டம் தடையின்றிப் பாய்ந்தது. இந்நாளில் மலிவாக வரும் பாலியெஸ்டர்ச் சரிகையோ சிறிதும் கடத்தவில்லை. அதன் உலோகப் படலத்தை மேற்பூச்சு மூடியிருந்தது. மின்னுவதெல்லாம் மின் கடத்துவதில்லை!

மறுப்புக்கு மறுமொழி

"பன்னிரண்டு பொத்தானை வைத்து நம் இசையை வாசிக்க முடியுமா? கமகம் எங்கே போகும்?" என்று இசையறிந்தார் கேட்பர். நேர்மையான கேள்வி. சுரத்திற்குச் சுரம் தாவும் பொத்தான்களில் கமகம் பிறவாது. ஆயின் மென்சுற்றில் பொத்தான் மட்டுமா உண்டு? மின்தடை சீராகப் பரவிய நீண்ட கரையின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் கொடுத்து, மேலே கடத்தும் துணி ஒன்றைச் சல்லடைத் துணியின் இடையீட்டோடு பொருத்துக. விரல் அழுத்தும் இடத்திற்கேற்ப மேல்துணியில் மின்னழுத்தம் மாறும். நடுவில் அழுத்தினால் பாதி. கால்பங்கில் அழுத்தினால் கால். விரலை வழுக்கினால் சுரமும் வழுக்கும். மெட்டில்லாத கோட்டு வாத்தியம் போன்றது இக்கரை. நம் இசைக்கு ஏற்ற அணிகருவியை மேலைநாட்டார் செய்து தருவாரென்று காத்திருத்தல் வீண். கமகத்தின் தேவையை அறிந்தவர் நாம். நாமே அதைச் செய்ய வேண்டும்.

"மணி ஐயர் பெயரால் புகழ்பெற்ற பாலக்காட்டில் மின்னணுத் தாளமா?" என்பாரும் உளர். பாலக்காட்டு மணி ஐயர் பிற்காலத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பதையே விரும்பியவர். தோலின் இயல்பான ஒலிமீது அவர் கொண்ட பற்று போற்றத்தக்கது. அதனால்தான் கூறுகின்றேன்: மிருதங்கத்தைப் போலி செய்யும் கருவி நமக்கு வேண்டா. அதைப் பெருவெம்பின் தோலுக்கும் மரத்திற்குமே விட்டுவிடுவோம். அணிகருவிக்குத் தனிக்குரல் அமைப்போம். சலங்கை மத்தளத்தைப் போலி செய்ததில்லை. அதனால்தான் இரண்டும் ஒரே மேடையில் வாழ்கின்றன.

"இதெல்லாம் விளையாட்டுப் பொருள், இதனால் நெசவாளிக்கும் தோற்கருவி செய்வோருக்கும் என்ன பயன்?" என்பது மூன்றாவது மறுப்பு. மூன்றினும் கனமானது இதுவே. நேர்மையற்ற வழியில் நடந்தால் பயனொன்றும் இராது என்பதை நான் ஒப்புக்கொள்கின்றேன். வரலாறு அதற்குச் சான்று.

பெயர் இல்லாத கைகள்

1920-இல் நம் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் இந்திய முழவுகளைப் பற்றி எழுதினார். வெறும் தோல் கட்டிய முழவின் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையா. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கரிய வட்டம், தோலின் நடுவில் எடையேற்றி, மேலொலிகளை அடிப்படை ஒலியின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகின்றது என்று காட்டினார். 1934-இல் இவ்வாய்வை மேலும் விரித்து எழுதினார். இயற்பியல் உலகம் வியந்தது. ஆயின் அக்கரிய வட்டத்தை அடுக்கடுக்காய் அப்பித் தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் தேய்த்து, கணக்கை ஏட்டில் எழுதாமலே விடை கண்ட கைகள் யாருடையவை? அவற்றின் பெயர்களை உலகம் கேட்கவில்லை. மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக வெளியிட்டது 2020-இல். மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தளித்த பர்லாந்து போன்றோரின் வாழ்வைப் பலரும் அறிந்தது அதன் பின்னரே. வாசித்தவரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. ஆராய்ந்தவரின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. ஆக்கியவரின் பெயர் மட்டும் ஒலிக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

மென்சுற்றுத் துறையிலும் இக்கதை நடக்கலாம். நெசவூருக்குக் காரில் போய், தறியைப் படமெடுத்து, நுணுக்கத்தைக் கேட்டறிந்து, ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றுத் திரும்பலாம். தறியோட்டியவரின் மக்கள் வேறு வேலை தேடி ஊரை விட்டுப் போய்க்கொண்டிருப்பர். அத்தகைய அறிவியல் எனக்கு வேண்டா. மோட்டார்ப் பெட்டி முரசறைந்தவரின் இடத்தைப் பறித்தது. இது அறிந்தவரின் அறிவையே பறித்துவிடும். எது பெரிய கொள்ளை?

செய்ய வேண்டுவன

ஆகவே மூன்று வேண்டுகோள்களை நம் பல்கலைக்கழகத்தின்முன் வைக்கின்றேன்.

முதலாவது, மின்னணுவியல் ஆய்வுக்கூடத்தில் அலைநோக்கியின் பக்கத்தில் ஒரு தையல் எந்திரம் வைக்கப்பட வேண்டும். அதனால் அலைநோக்கியின் மதிப்பு குறைந்துவிடாது.

இரண்டாவது, நெசவாளரையும் தையல்காரரையும் தோற்கருவி செய்வோரையும் ஆய்வுக்கூடத்திற்கு ஆசிரியராக அழைக்க வேண்டும். வேடிக்கை காட்ட வருவோர் போல் ஒருநாள் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்புதல் போதாது. பிற சிறப்புப் பேராசிரியர்க்குத் தரும் ஊதியம் அவர்க்கும் தருக. அவர் அறிவால் விளைந்த ஆய்வுரையில் அவர் பெயரும் இடம் பெறுக. கருவி விலைபோனால் பங்கும் தருக.

மூன்றாவது பணி மாணவர்களாகிய நம்முடையது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கேரளத்துப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் வாயிலாக ஆர்டுயினோ பலகைகளும் மாணவர் கைக்கு வந்துள்ளன. அவற்றைத் துணியோடு இணைக்கக் கற்பிக்கும் எளிய தமிழ்க் கையேடு ஒன்றை நம் மன்றம் எழுதி வெளியிட வேண்டும். ஒரு 3 வோல்ட் காசு மின்கலம், ஒரு பிரஸ் பட்டன், ஒரு சிறு ஒலிப்பான், இரண்டு முழம் நூல். முதல் பாடத்துக்கு இவை போதும். மின்தடை, மின்தேக்கி, மின்காப்பு என்னும் சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. மின்கலத்தை வாய்க்கெட்டும் இடத்தில் சிறுவரிடம் விடலாகாது, பூட்டிய உறைக்குள் தைக்க வேண்டும் என்பது போன்ற எச்சரிக்கைகளும் அதில் தாய்மொழியிலேயே இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் சிறுமி, தான் தைப்பது மின்சுற்றும் ஆகும் என்று அறியும் நாளே நம் மன்றத்தின் திருநாள்.

நண்பர்களே, எல்லையில் வாழ்வோருக்கு ஒரு பேறு உண்டு. இரு மொழிகளும் இரு காற்றும் ஒருங்கே வந்து சேரும் இடம் எல்லை. துணியும் மின்னும், தொழிலும் கல்வியும், ஆக்குவோரும் ஆராய்வோரும் அதுபோலவே வந்து சேரட்டும். மனிதர் தோளில் ஏறினாலன்றிப் பாடாத கருவியை நாம் செய்வோம். அதன் கரையில் அதை நெய்தவர் பெயரையும் தைத்தவர் பெயரையும் மறவாமல் பொறிப்போம்.